மாவுக் கம்பெனி மாப்பிள்ளை

நான் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிறவன். கொடுத்ததைக் கொடுத்தபடி நகல் எடுக்கிறதுதான் என் தொழில். கூட்டிச் சொல்லவும் தெரியாது, குறைச்சுச் சொல்லவும் தெரியாது. அதனால இதைக் கேட்டுட்டு ‘அண்ணாச்சி அளக்காரு’ன்னு மட்டும் சொல்லிராதீங்க. சந்தேகம் இருந்தா கடைக்கு வாங்க. எல்லாத்துக்கும் ஒரு காப்பி என்கிட்ட இருக்கு.

எங்க ஊர் கூழையன்குளத்துல நாலு பேர் சேர்ந்து ஒரு பெரிய கிரைண்டர் வாங்கிப் போட்டு, இட்லி மாவு ஆட்டி விக்கிறாங்க. மூத்தவன் பலவேசம். அவனுக்குத் தாடி உண்டு. அதனால யோசிக்கிற பொறுப்பை அவன்கிட்ட விட்டுட்டாங்க. ரெண்டாமவன் உச்சிமாகாளி, நல்ல பலசாலி. கிரைண்டர் கல்லை ஒத்தை ஆளாத் தூக்கிருவான். தூக்கினதை எங்கே வைக்கணும்னு யாராவது சொல்லுற வரைக்கும் தூக்கிக்கிட்டே நிப்பான். மூணாமவன் நயினார். எதுக்கும் ஒரு சந்தேகம் கேப்பான். சந்தேகம் சரியாத்தான் இருக்கும், கேக்குற நேரம்தான் சரியா இருக்காது. இந்த மூணு பேரும் குடும்பஸ்தங்க. நாலாமவன் கொம்பையாவுக்கு மட்டும் கல்யாணம் ஆகலை. வயசு இருபத்தொன்பது. அவன் மனசு பூரா வள்ளிமயில்தான்.

வள்ளிமயில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இட்லிக் கடை வச்சிருக்கா. மாவு இவங்ககிட்டதான் வாங்குவா. கொம்பையா அளந்து ஊத்தின பிறகு, யாருக்கும் தெரியாம இன்னொரு கரண்டி ஊத்துவான். அவளும் தெரியாத மாதிரி வாங்கிக்கிடுவா. அப்படியே வளர்ந்த பிரியம். ஆனா அவ அப்பா குத்தாலிங்கம் இருக்காரே, அவரு பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்கிற மனுஷன்.

“சர்க்கார்ல பதியாத தொழில் பண்ணுறவனுக்குப் பொண்ணு கொடுத்தா ஊர் சிரிக்கும்வே” ன்னாரு. “வைகாசி பிறக்கிறதுக்குள்ள பதிவு பண்ணின காகிதத்தைக் கொண்டா. இல்லேன்னா டிராக்டர்காரனுக்குத்தான் என் மக.”

டிராக்டர்காரன்னு ஒருத்தன் நிஜமாவே இருந்தான். மேலூர்ல சொந்தமா டிராக்டர் வச்சிருந்தான். “அவன் பேசினாலும் டிராக்டர் சத்தம்தான் கேக்கு” ன்னு வள்ளிமயில் என்கிட்ட சொல்லி மூக்கைச் சுளிச்சா. ஆனா அப்பா பேச்சைத் தட்ட அவளுக்கு மனசு வரலை. இது நடந்தது தை மாசம்.

என் கடைக்கு மேல மாடியிலதான் ஆடிட்டர் செண்பகவல்லி மேடம் ஆபீஸ். நாலு பேரும் செருப்பைக் கீழேயே கழட்டிப் போட்டுட்டு, கோயிலுக்குப் போற மாதிரி படியேறினாங்க.

மேடம் நல்ல மாதிரி. பொறுமையாச் சொன்னாங்க. “பதிவு பண்ண நாலு வழி இருக்கு. ரொம்ப லேசானது தனி ஆள் தொழில். கொம்பையா பேர்ல மட்டும் பதிஞ்சுக்கலாம். ஆனா ஒண்ணு. அதுல முதலாளி வேற, கடை வேறன்னு சட்டம் பிரிச்சுப் பாக்காது. ரெண்டும் ஒண்ணுதான். கடைக்கு ஒரு கஷ்டம் வந்தா அது முதலாளி வீட்டு அண்டா குண்டா வரைக்கும் வரும்.”

பதிவு ஆச்சு. நான்தான் ரெண்டு காப்பி எடுத்துக் கொடுத்தேன். கீழே என் கடை வாசல்லயே நயினாருக்குச் சந்தேகம் வந்துருச்சு.

“கொம்பையாவும் கடையும் ஒண்ணுன்னா, நேத்துல இருந்து கொம்பையாவுக்குத் தடுமன் பிடிச்சிருக்கே, கடைக்கும் பிடிச்சிருக்கும்லா?”

நாலு பேரும் ஓடிப் போய் கிரைண்டரைப் போட்டுப் பாத்தாங்க. பலவேசம் அதுல காதை வச்சுக் கேட்டான்.

“கரகரங்குதுல. நெஞ்சுச்சளிதான்.”

சுக்கு, மிளகு, திப்பிலி தட்டிப் போட்டுக் கஷாயம் வச்சாங்க. கொம்பையாவுக்கு ஒரு டம்ளர். கிரைண்டர் பெரிய உடம்புல்லா, அதுக்கு ஒரு செம்பு. உள்ள உளுந்து ஓடிக்கிட்டு இருந்ததை யாரும் கவனிக்கலை. மறுநாள் வள்ளிமயில் கடையில இட்லி தின்னவங்களுக்கெல்லாம் சளி இறங்கிருச்சுன்னு ஊர்ல பேச்சு.

அந்த வாரமே பொண்ணு பாக்கப் புறப்பட்டாங்க. கொம்பையா புதுச்சட்டை போட்டு நிக்கான். பலவேசம் தாடியைத் தடவிக்கிட்டே, “இவன் மட்டும் போனா பாதி மாப்பிள்ளை போன மாதிரில்லா? மீதியையும் ஏத்துங்கல” ன்னான். உச்சிமாகாளி கிரைண்டரைத் தூக்கித் தள்ளுவண்டியில வச்சான். அதுக்கும் விபூதி பூசி, ஒரு துண்டு கட்டிவிட்டாங்க.

குத்தாலிங்கம் வாசல்ல நின்னு பாத்தாரு. “இது எதுக்குவே?”

“இதுவும் மாப்பிள்ளைதான் மாமா” ன்னான் கொம்பையா, ரொம்ப அடக்கமா.

வள்ளிமயில் காப்பி கொண்டு வந்தா. ஆளுக்கு ஒரு டம்ளர் எடுத்தாங்க. உச்சிமாகாளி தன் டம்ளரைக் கிரைண்டர்ல ஊத்திட்டு, “சீனி கொஞ்சம் தூக்கலா வேணுமாம்” ன்னான். கதவுக்குப் பின்னால வள்ளிமயில் முந்தானையை வாயில வச்சு அமுக்கிக்கிட்டுச் சிரிச்சா. அதைக்கூட மாமா பொறுத்துக்கிட்டாரு. ஆனா கொம்பையா சும்மா இருக்கணுமே! “கடைக்குக் கஷ்டம் வந்தா வீட்டு அண்டா வரைக்கும் வரும்னு மேடம் சொல்லிருக்காங்க மாமா. உங்ககிட்ட மறைக்கக் கூடாதுல்லா” ன்னுட்டான்.

“அப்ப என் மக சீரா கொண்டு வர்ற அண்டாவுமா?” ன்னு எழுந்துட்டாரு குத்தாலிங்கம். “எடுங்கவே வண்டியை! வேற நல்ல பதிவாப் பாத்துட்டு வாங்க.”

திரும்ப மாடி ஏறினாங்க. மேடம் ரெண்டாவது வழியைச் சொன்னாங்க. “கூட்டுத் தொழில். நாலு பேரும் பங்காளிங்க. பத்திரம் எழுதிப் பதிஞ்சுரலாம். ஆனா தொழில்ல ஒரு பங்காளி செய்யறதுக்கு நாலு பேரும் பொறுப்பு. ஒருத்தருக்கு வந்தது எல்லாருக்கும் வந்த மாதிரி.”

பத்திரம் பதிஞ்ச மூணாம் நாள், மாவு கொடுக்கப் போன உச்சிமாகாளியைக் கெண்டைக்கால்ல நாய் கடிச்சிருச்சு. நாலு பேரும் ஒரே மாதிரி நொண்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. நான் என் கண்ணால பாத்தேன். ஊசி போடுற நர்சம்மா பயந்தே போச்சு.

“நாலு பேரையும் ஒரே நாயா கடிச்சுது?”

“கடிச்சது இவனைத்தான் சிஸ்டர்” ன்னான் பலவேசம். “ஆனா கடி நாலு பேருக்கும் சேர்ந்தது. பத்திரத்துல இருக்கு, படிச்சுப் பாருங்க.”

“கடிபட்ட ஆளுக்கு மட்டும்தான்யா ஊசி. மத்த மூணு பேரும் வெளியே நில்லுங்க.”

வெளியே மரத்தடியில ஆலோசனை நடந்துச்சு. உச்சிமாகாளிக்கு மட்டும் கடி இருக்கு, மத்தவங்களுக்கு இல்லை. இது பங்காளிக்கு அடுக்குமா? அடுக்காது. ஆகவே மூணு பேரும் அந்த நாயைத் தேடிக்கிட்டுப் போனாங்க. சந்தைப்பேட்டையில படுத்திருந்துச்சு. மூணு பேரும் வேட்டியை மடிச்சுக் கட்டி, வரிசையாக் காலை நீட்டினாங்க.

“எய்யா, நாங்களும் பங்காளிங்கதான். ஆளுக்கு ஒரு கடி கடிச்சிரு” ன்னான் நயினார், குழைவா.

நாய் மூணு காலையும் பாத்துச்சு. மூணு மூஞ்சியையும் பாத்துச்சு. வாலைக் காலுக்குள்ள விட்டுக்கிட்டு ஓடினதுதான், இன்னைக்கு வரைக்கும் ஊர்ப்பக்கம் வரலை.

சரி, பத்திரத்தோட மாமா வீட்டுக்குப் போனாங்க. அவரு மூக்குக் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியா வாசிச்சாரு. முகம் மலர்ந்துக்கிட்டே வந்துச்சு. முடிக்கப் போற நேரம், நயினாருக்குச் சந்தேகம்.

“ஒரு பங்காளி செஞ்சா நாலு பேரும் செஞ்ச மாதிரின்னா, கொம்பையா தாலி கட்டினா நாமளும்…”

முடிக்க விடலை. குத்தாலிங்கம் அரிவாளை எடுக்கவும், நாலு பேரும் ஓட்டம். அன்னைக்கு மட்டும் யாரும் நொண்டலை.

மாசி போயி பங்குனி வந்துருச்சு. மேடம் மூணாவது வழியைச் சொல்லும்போது குரல்ல கொஞ்சம் அலுப்பு தட்டிச்சு. “இது பொறுப்புக்கு வரம்பு வச்ச கூட்டு. அவங்கவங்க எவ்வளவு போட்டிருக்கீங்களோ, அவ்வளவுக்குத்தான் பொறுப்பு. வீட்டு அண்டாவுக்கு யாரும் வர முடியாது. ஒருத்தர் தப்புக்கு இன்னொருத்தர் தலையைக் கொடுக்கவும் வேண்டாம். போதுமா?”

போதும்னு சந்தோஷமா இறங்கி வந்தாங்க. என் கடை பெஞ்சுல உக்காந்து, யார் யார் என்ன போட்டாங்கன்னு கணக்கா யோசிச்சாங்க. அரிசி போடுறது பலவேசம். உளுந்து நயினார். உப்பு கொம்பையா. தண்ணி உச்சிமாகாளி. ஆக, அவனவன் போட்டதுக்கு அவனவன் பொறுப்பு.

வெயில் காலம் பாருங்க, மறுநாள் காலையில மாவு பொங்கி, டிரம்மு டிரம்மா வெளியே வழியுது. நாலு பேரும் சுத்தி நின்னு பாக்காங்க.

“அரிசி வழியலை. அரிசி அப்படிப் பொங்காது. இது உளுந்து வேலை” ன்னான் பலவேசம்.

“உளுந்து தனியா எங்கே வழிஞ்சிருக்குன்னு காட்டு, அதை நான் அள்ளுதேன்” ன்னான் நயினார்.

உச்சிமாகாளி ஒரு விரலால தொட்டு, “ஈரமாத்தான் இருக்கு. என் தண்ணியும் இதுல இருக்கு. ஆனா எது என் தண்ணின்னு தெரியலையே” ன்னு வருத்தப்பட்டான். கொம்பையா தரையில நக்கிப் பாத்துட்டு, உப்பு அளவாத்தான் இருக்கு, என் பக்கம் குத்தம் இல்லைன்னு தீர்ப்புச் சொன்னான்.

இவங்க பேசி முடிக்கையில மாவு சாக்கடையைத் தாண்டி ரோட்டுக்கு வந்துருச்சு. அன்னைக்கு வள்ளிமயில் கடை திறக்கலை. ஆறு இட்லி தின்னு பழகின குத்தாலிங்கம், வெறும் வயித்தோட விஷயத்தைக் கேட்டுக்கிட்டு வந்தாரு. பசியில மனுஷன் கத்தக்கூட இல்லை.

“ஒரு வேளை இட்லிக்குப் பொறுப்பு ஏத்துக்காதவன், என் பொண்ணுக்கு எப்படி ஏத்துக்குவான்? டிராக்டர்காரன் வீட்டுல வைகாசி ஒண்ணாம் தேதி தட்டோட வரச் சொல்லிட்டேன்” ன்னுட்டுப் போயிட்டாரு.

கொம்பையா என் கடையில வந்து உக்காந்து அழுதான் பாருங்க, எனக்கே தாங்கலை. சத்தம் போடாம அழுவுதான். கண்ணீர் பூரா புது ஏ-ஃபோர் கட்டு மேல விழுது. “எண்ணாச்சி, ஒரு கரண்டி மாவு கூட ஊத்தினா அவ சிரிப்பா. இனிமே யாருக்கு ஊத்துவேன்?” ன்னான். நான் காகிதக் கட்டையும் தள்ளி வச்சேன், அவன் தோளையும் தட்டிக் கொடுத்தேன். “இன்னும் ஒரு வழி பாக்கி இருக்குலே, போ மாடிக்கு” ன்னேன்.

மேடம் ஏலக்காயை வாயில போட்டுக்கிட்டு, ஒவ்வொரு சொல்லா நிறுத்திச் சொன்னாங்க. “பிரைவேட் லிமிடெட் கம்பெனி. இதுக்கு மேல வழி கிடையாது, என்கிட்ட தெம்பும் கிடையாது. கம்பெனி வேற, நீங்க வேற. சட்டத்துக்கு முன்னால அது ஒரு தனி ஆள். அது பேர்ல சொத்து இருக்கலாம், அது மேல வழக்குப் போடலாம். நீங்க நாலு பேரும் செத்தாலும் அது சாகாது. அதுக்குக் கை கால் இல்லை, அதனால டைரக்டர்ங்க நீங்கதான் அதுக்காகக் கையெழுத்துப் போடணும். எதுன்னாலும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதணும். முக்கியமா, டைரக்டர் கம்பெனியோட நன்மையைத்தான் பாக்கணும். சொந்த ஆசையைப் பாக்கக் கூடாது.”

சித்திரை பத்தாம் தேதி சான்றிதழ் வந்துருச்சு. “இது கம்பெனியோட பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பத்திரமாப் பாத்துக்கோங்க” ன்னு மேடம் சொல்லிக் கொடுத்தாங்களாம். பலவேசம் அதைத் துண்டுல சுத்தி, தலையைத் தாங்கிப் பிடிச்சு இறக்கிக் கொண்டு வந்தான்.

“லேமினேஷன் பண்ணிருவோமா?” ன்னு கேட்டேன்.

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. “பொறந்து ஒரு நாள்தானே ஆகுது” ன்னான் நயினார். “பிளாஸ்டிக்குக்குள்ள வச்சா மூச்சு முட்டாதா எண்ணாச்சி?”

எனக்கு அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி, வாதாட நேரமில்லை. லேமினேஷன் பண்ணி, மேல ஓரத்துல பஞ்ச் மிஷின்ல ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். “ஆங், இப்ப நல்லா மூச்சு விடுது” ன்னு உச்சிமாகாளி ஓட்டையில விரல் வச்சுப் பாத்துச் சொன்னான். பொறந்த பிள்ளைக்குச் செய்யிற மாதிரி நாக்குல சீனித்தண்ணி தொட்டு வச்சுச் சேனையும் கொடுத்தாங்க. நாக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாததால நாலு மூலையிலயும் வச்சாங்க. எறும்பு வந்ததை ஒரு குறையாச் சொல்லக் கூடாது.

அப்புறம் கம்பெனியை விட்டு அவங்க எங்கேயும் போறதில்லை. பஸ்ஸுல அஞ்சு டிக்கெட் கேட்டாங்க. “நாலு பேர்தானே இருக்கீங்க?” ன்னான் கண்டக்டர். “மடியில இருக்குல்லா” ன்னாங்க. “கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது” ன்னு அவன் பழக்கத்துல சொல்லிட்டுப் போயிட்டான். கண்டக்டர் வாயாலேயே வந்ததால, இவங்களுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் தீர்ந்துருச்சு.

சித்திரை முடிய ரெண்டு நாள் இருக்கையில குத்தாலிங்கம் வந்து பாத்தாரு. வாசல்ல போர்டு: ‘நால்வர் மாவு பிரைவேட் லிமிடெட்’. சான்றிதழைத் தடவிப் பாத்தாரு. திருப்திதான். சும்மா கேட்டு வச்சாரு.

“இந்தக் கிரைண்டர் யாருது?”

“கம்பெனியோடது மாமா.”

“இந்தத் தள்ளுவண்டி?”

“அதுவும் கம்பெனிக்குத்தான்.”

“அப்ப நீ யாருவே?”

“நான் அதுக்காகக் கையெழுத்துப் போடுறவன் மாமா” ன்னான் கொம்பையா.

குத்தாலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

“அந்தக் கம்பெனிக்குக் குடிப்பழக்கம் உண்டா?”

“வாயே கிடையாதே மாமா.”

“கூடப் பொறந்தவங்க? நாத்தனார் தொல்லை?”

“ஒத்தைப் பிள்ளைதான்.”

“ஆயுசு?”

“சாவே கிடையாதுன்னு மேடம் சொல்லிருக்காங்க” ன்னான் பலவேசம், பெருமையா.

குத்தாலிங்கம் தொடையைத் தட்டினாரு. “பெறகு எதுக்குவே கையெழுத்துப் போடுறவனுக்குக் கொடுக்கணும்? முதலாளிக்கே கொடுக்கேன்! குடிக்காது, அடிக்காது, சாகவும் செய்யாது. என் மக சாகுற வரைக்கும் பூவும் பொட்டுமா இருப்பா. டிராக்டர்காரனை வர வேண்டாம்னு சொல்லிருதேன்.”

முதல்ல நாலு பேரும் கை தட்டினாங்க. கொம்பையாதான் ஜாஸ்தியாத் தட்டினான். பாதியில அவன் கை நின்னு போச்சு.

முறைப்படி நோட்டீஸ் ஒட்டி, ஏழு நாள் கழிச்சுக் கூட்டம் போட்டாங்க. தீர்மானத்தை என் கடையிலதான் டைப் அடிச்சது. ‘நமது கம்பெனிக்கு வள்ளிமயிலைத் திருமணம் செய்து வைப்பது. கம்பெனிக்குக் கை இல்லாதபடியால், அதன் சார்பில் பலசாலியான உச்சிமாகாளி தாலி கட்டுவது.’ சம்மதம்னா கையைத் தூக்கணும். மூணு கை தூக்கியாச்சு. கொம்பையா குனிஞ்சே இருந்தான்.

“கம்பெனிக்கு இது நல்லதா கெட்டதால?” ன்னு கேட்டான் பலவேசம்.

“நல்லதுதான்” ன்னான் கொம்பையா. “அவளை மாதிரி ஒருத்தி அதுக்குக் கிடைப்பாளா?”

“டைரக்டர் சொந்த ஆசையைப் பாக்கலாமா?”

கொம்பையா கண்ணைத் துடைச்சுக்கிட்டே கையைத் தூக்கினான். அடப்பாவி மனுஷா, உனக்கு எதிரா நீயே கை தூக்குவியாலன்னு எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு. தீர்மானம் ஒருமனதா நிறைவேறிச்சு. வைகாசி இருபதாம் தேதி கல்யாணம்னு முடிவாச்சு.

மறுநாள் வள்ளிமயில் என் கடைக்கு வந்தா. முகத்துல அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. “எண்ணாச்சி, எங்கப்பா பாத்திருக்கிற மாப்பிள்ளையோட காப்பி ஒண்ணு வச்சிருப்பீங்கள்லா, கொடுங்க” ன்னா. கொடுத்தேன். மேலிருந்து கீழ வரைக்கும் வாசிச்சா. ஒரு இடத்துல நிறுத்தித் திரும்ப வாசிச்சா.

“பத்திரிகை நீங்கதானே அடிக்கீங்க? மாப்பிள்ளை பேருக்குக் கீழ, பொறந்த தேதியையும் போட்டுருங்க. பெரிய எழுத்துல.”

“எதுக்கும்மா?”

“நயினார் அண்ணனுக்கு வாசிக்க வசதியா இருக்கட்டும்” ன்னுட்டுப் போயிட்டா.

கல்யாணத்தன்னைக்கு மண்டபம் நிறைஞ்ச கூட்டம். மணவடையில வள்ளிமயில் பக்கத்துல ஒரு மணை போட்டு, அது மேல கம்பெனியைச் சாய்ச்சு வச்சு மாலை போட்டிருந்தாங்க. லேமினேஷன் மினுமினுங்குது. பின்னால நின்னு அது விழுந்துராமப் பிடிச்சுக்கிட்டு இருந்தது யாருன்னு நினைக்கீங்க? கொம்பையாதான். சட்டை முன்பக்கம் பூரா நனைஞ்சிருக்கு. ஐயர் தாலியை எடுத்து உச்சிமாகாளி கையில கொடுத்து, “கெட்டிமேளம்!” னாரு. உச்சிமாகாளி தாலியைத் தூக்கினான்.

முன் வரிசையில நயினார் பத்திரிகையை வச்சு விசிறிக்கிட்டு இருந்தவன், விசிறுறதை நிறுத்திட்டு அதை உத்துப் பாத்தான்.

“ஒரு சந்தேகம்.”

மேளம் நின்னுச்சு.

“மாப்பிள்ளைக்கு இருபத்தொரு வயசு ஆகிருக்கணும்லா? இது பொறந்து நாப்பது நாள்தானே ஆகுது?”

ஐயர் மணவடையை விட்டு இறங்கிட்டாரு. “பால்ய விவாகமா? என்னை விட்ருங்கோ, ஜெயிலுக்குப் போக என்னால ஆகாது.” குத்தாலிங்கத்துக்கு வேர்த்து ஊத்துது. “எங்க குலத்துல பச்சப்பிள்ளைக்குக் கட்டி வச்சோம்னு பேரு வந்துருமே!” ங்காரு. ஒருத்தர் இருபத்தொரு வருஷம் தள்ளிப் போடலாம்னாரு. சமையல்காரர் சாம்பாரை அது வரைக்கும் வச்சிருக்க முடியாதுன்னாரு. இந்தக் களேபரம் பூராவும் உச்சிமாகாளி தாலியைத் தூக்கிப் பிடிச்சபடி நிக்கான். எங்கே வைக்கணும்னு யாரும் சொல்லலையே!

வள்ளிமயில் எழுந்தா. “எப்பா, நான் காத்திருக்கேன். ஆனா ஒண்ணு கேக்கேன். இந்தப் பிள்ளையைப் பெத்தது யாரு?”

“நாங்க நாலு பேரும்தான்” ன்னான் பலவேசம்.

“நாலு அப்பன் இருக்கீங்க. தாய் எங்கே?”

பலவேசம் தாடியைத் தடவினான். கூட்டத்துல இருந்த பொம்பளைங்க பூரா “ச்சொச்சொ” ன்னாங்க. ஒரு அம்மா அழுதே போட்டா.

“தாயில்லாப் பிள்ளை தானா வளருமா?” ன்னா வள்ளிமயில். “நான் வளர்க்கேன். நாலு அப்பன்ல கல்யாணம் ஆகாதது ஒருத்தர்தான். அவரைக் கட்டிக்கிட்டாத்தான் நான் இதுக்குத் தாய் ஆக முடியும்.”

“சரிம்மா” ன்னு இழுத்தாரு குத்தாலிங்கம். “இருபத்தொரு வயசான பெறகு?”

“வளர்த்த பிள்ளையை யாராவது கட்டுவாங்களாப்பா? அது உங்களுக்குப் பேரன்ல்லா!”

குத்தாலிங்கம் மணவடையில இருந்த கம்பெனியைப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. கண்ணுல தண்ணி திரண்டுருச்சு. “கல்யாணத்தன்னைக்கே பேரனா! அதுவும் சாகாத பேரன்!” னு ஓடிப் போய் அதை வாரி எடுத்து, லேமினேஷன்ல முத்தம் கொடுத்தாரு.

கொம்பையாவுக்கு நம்ப முடியலை. “இதுக்கு ஏழு நாள் நோட்டீஸ் கொடுக்கணுமே” ன்னு சொன்னான்.

வள்ளிமயில் முறைச்சா பாருங்க ஒரு முறை! “தாலி கட்டுறது கம்பெனி காரியமில்லை, உங்க சொந்தக் காரியம். கூட்டமும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். உச்சிமாகாளி அண்ணே, அதை அவர் கையில கொடுங்க.”

“இதை முன்னாலேயே சொல்லக் கூடாதாம்மா, கை கடுக்கு” ன்னு உச்சிமாகாளி கொடுத்தான். கொம்பையா கட்டினான். நான் அட்சதையைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். மனசு நிறைஞ்சு போச்சு.

இதோட விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன். அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு நாள், ஆனி மாசம், குத்தாலிங்கம் கம்பெனிக்குத் தலை வாரிப் பொட்டு வச்சு, தோள்ல தூக்கிக்கிட்டு வந்தாரு. லேமினேஷனுக்கு எப்படித் தலை வாரினாருன்னு நான் கேக்கலை. பின்னாலேயே நாலு டைரக்டரும் வந்தாங்க. பள்ளிக்கூடத்துல சேர்க்கணுமாம். அதுக்கு ரெண்டு காப்பி வேணும், நீங்களும் கூட வாங்க எண்ணாச்சின்னாங்க.

எங்க தெருப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் பழைய காலத்து ஆளு. சான்றிதழை எல்லாம் நம்ப மாட்டாரு. பிள்ளை தலைக்கு மேலாகக் கையைச் சுத்தி எதிர்ப்பக்கத்துக் காதைத் தொட்டாத்தான் ஒண்ணாப்புல சேர்ப்பாரு.

“கம்பெனிக்குக் கை கிடையாது சார்” ன்னான் பலவேசம். “டைரக்டர்ங்க நாங்க அது சார்பாத் தொடுதோம்.”

தீர்மானம் கையிலேயே கொண்டு வந்திருந்தாங்க. அதன்படி உச்சிமாகாளி ஒரு பக்கம் நின்னான். பலவேசம் நடுவுல தலையைக் கொடுத்தான். அந்தப் பக்கம் நயினார் காதைக் காட்டிக்கிட்டு நின்னான். உச்சிமாகாளி கை, பலவேசம் தலையைத் தாண்டி, நயினார் காதை நோக்கிப் போச்சு. கொம்பையா கம்பெனியைப் பிடிச்சுக்கிட்டு, “எட்டுய்யா, எட்டு!” ன்னு அதுக்குத் தைரியம் சொன்னான்.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக் கிட்டப் போய்ப் பாத்தாரு.

“ரெண்டு விரக்கடை எட்டலையே. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க.”

திரும்பி வரும்போது குத்தாலிங்கம் புலம்பிக்கிட்டே வந்தாரு. “ஒழுங்காச் சாப்பிட்டாத்தானே வளரும்? அஞ்சு வருஷமா ஒரு வாய் தின்னதில்லை. பொறந்தப்ப எப்படி இருந்தானோ அப்படியேதான் இருக்கான்.” என் கடை வாசல்ல வந்ததும், அத்தனை பேரும் பாவமா என்னைப் பாத்தாங்க. எனக்கு மனசு கேக்கலை.

கம்பெனியை வாங்கி மிஷின்ல வச்சு, ரெண்டு மடங்கு பெரிய ஏ-த்ரீ தாள் போட்டு, பெருசாக்குற பித்தானை அமுக்கினேன்.

சுடச்சுட வெளியே வந்ததைக் குத்தாலிங்கம் ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சாரு. மேலேயும் கீழேயும் பாத்தாரு.

“எய்யா, என்னா வளத்தி! அப்படியே தாத்தனை உரிச்சு வச்சிருக்கான்!”